கடைசிக் காய்க்குத் தாயச் சட்டம்

பகடையில் ஐந்தும் மூன்றும் விழுந்தபோது ஜெசிந்தாவுக்கு முதலில் ஞாபகம் வந்தது தொட்டியில் ஊறிக் கிடக்கும் மீன் சட்டிதான். சீலா மீன் குழம்பு வைத்த சட்டி, வீச்சம் இந்நேரம் அடுக்களையைத் தாண்டி நடுவீட்டுக்கு வந்திருக்கும், வரட்டும், ஆட்டம் முடியாமல் எழுந்திருக்கப் போவதில்லை, எழுந்தால் இந்த மனுஷன் காயை நகர்த்தினாலும் நகர்த்திவிடுவார், சே, நகர்த்த மாட்டார், கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு தடவைகூடச் செய்தது கிடையாது, ஆனால் இன்றைக்கு யாரை நம்ப முடியும், இன்றைக்கு ஆட்டத்தில் வைத்திருப்பது சாதாரண சமாச்சாரமா என்ன. கட்டிலின் நடுவில் ஆட்ட வீடுகள் வரைந்த மரப்பெட்டி விரிந்து கிடந்தது. இந்தப் பக்கம் சம்மணம் போட்டு அவள். அந்தப் பக்கம் ஒரு காலைத் தொங்கவிட்டுக்கொண்டு கஸ்பார், அவள் புருஷன், கப்பல் கப்பலாக ஏறி உலகத்துக்கே சமைத்துப் போட்டுவிட்டு, போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் 'இனிப் போதும்' என்று தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தவர். வந்தவர் சும்மா இருந்தாரா, இருக்கத்தான் விட்டார்களா. போன வாரம் ஏஜென்டு ஆபீசிலிருந்து ஒரு பையன் போன் பண்ணி, அங்கிள், ஒரு கப்பலுக்கு அவசரமா குக் வேணும், பத்து மாசம்தான், நீங்க வர்றீங்கன்னா கேப்டனே சந்தோஷப்படுவார் என்று தேன் தடவிப் பேசினான். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் கூப்பிடுவேன், ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்றான். இவர் அந்த வாரம் முழுக்க அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. இன்றைக்குக் காலைப் பூசை முடிந்து வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "சாப்பிட்டுட்டுப் பெட்டிய எடுட்டி. நான் ஜெயிச்சா கப்பலுக்குப் போறேன். நீ ஜெயிச்சா இங்கனயே கெடக்கேன்." அவளும் சரி என்று தலையாட்டிவிட்டாள். தலையாட்டும்போது தனக்கு எது வேண்டும் என்று யோசித்தாளா? யோசிக்கவில்லை. மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

ஐந்தும் மூன்றும். அவளுக்கு மிச்சமிருந்தது மூன்றே காய்: வெளியே போகும் வாசலிலிருந்து எண்ணினால் ஆறாம் வீட்டில் ஒன்று, ஐந்தாம் வீட்டில் ஒன்று, மூன்றாம் வீட்டில் ஒன்று. ஐந்தைப் பழமாக்கினாள், மூன்றைப் பழமாக்கினாள். இரண்டு காயும் பெட்டிக்கு வெளியே வந்து மெத்தையில் உட்கார்ந்தன. அவருக்குப் பழம் என்று சொன்னால் பிடிக்காது. இது தவுலி, கிரேக்க நாட்டுக்காரன் ஆட்டம், இதுல பழமும் கிடையாது கொட்டையும் கிடையாது என்பார். ஆட்டம் எந்த நாட்டுடையதாக வேண்டுமானாலும் இருக்கட்டும், அவள் வாயில் வீடு வீடுதான், வெட்டு வெட்டுதான், சுற்றி முடித்து வெளியே போகிற காய் பழம்தான், தாயம் ஆடி வளர்ந்த வாய் வேறு எதைச் சொல்லும். கல்யாணமாகி முதல் லீவில் வந்தபோது பிரேயஸ் துறைமுகத்தில் வாங்கினேன் என்று இந்தப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். சென்ட் பாட்டில் வரும், சேலை வரும் என்று காத்திருந்த புதுப்பெண்ணுக்கு மரப்பெட்டி. எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தார், அவளும் டக்கென்று பிடித்துக்கொண்டாள், கடைசியில்தான் வந்தது வினை. ஒரு காய் மிச்சம், அது இரண்டாம் வீட்டில் நிற்கிறது, அவர் ஆறு போட்டுவிட்டுக் காயை எடுத்து வெளியே வைக்கிறார். அதெப்படி? ரெண்டு வேணும்னா ரெண்டுதானே விழணும் என்று அவள் அவர் கையைப் பிடித்தாள். ஆறு பெருசுட்டி, பெருசு விழுந்தா எடுக்கலாம், கப்பல்ல அதான் சட்டம் என்றார். பெருசா விழுந்துச்சுன்னு அள்ளிட்டுப் போறதுக்கு இதென்ன கொள்ளையா, பழம்னா கணக்காத்தான் எடுக்கணும் என்றாள். லீவோ ஒரு மாதம், அதில் பாதி வாரம் பேச்சில்லை. மாமியார் வந்து சமாதானம் பண்ணப் பார்த்து, எதற்குச் சண்டை என்று கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு போனாள். கடைசியில் ஒப்பந்தம் ஆயிற்று: கடைசிக் காய் வரைக்கும் கப்பல் சட்டம், கடைசிக் காய்க்கு மட்டும் தாயச் சட்டம். உலகத்திலேயே இந்த ஒரு கட்டிலில் மட்டும் செல்லுபடியாகிற சட்டம் அது.

அந்தச் சட்டத்தால் ஆட்டத்தின் கடைசிப் பகுதியே தலைகீழாகிப் போனது, அதைக் கண்டுபிடிக்கவே அவர்களுக்குச் சில லீவு பிடித்தது. கப்பலில் எவனைக் கேட்டாலும் காயை வாசல் பக்கத்தில் கொண்டுவந்து வை என்பான். இங்கே அப்படி வைத்தால் போச்சு. ஒன்றாம் வீட்டில் நிற்கிற கடைசிக் காய்க்குத் தாயம் ஒன்றே கதி, ஒன்று விழுந்தால்தான் விடுதலை, மற்ற எது விழுந்தாலும் வாசற்படியில் நின்றுகொண்டு வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். ஆறாம் வீட்டில் நின்றால் அப்படியில்லை. ஆறு விழலாம், ஐந்தும் ஒன்றும் விழலாம், நாலும் இரண்டும் விழலாம், இரட்டை மூன்று விழலாம், எப்படியும் ஒரு வழி திறக்கும். ஆக, தூரத்தில் இருப்பவனுக்குத்தான் வழி அதிகம். இதைக் கண்டுபிடித்த அன்றைக்கு இந்த மனுஷனுக்கு இருந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே, பாத்தியாட்டி, தள்ளி இருந்தாத்தான் நல்லது, நம்ம குடும்பம் மாதிரி என்றார். அவளும் சிரித்தாள். அப்போது அது சிரிப்பாகத்தான் இருந்தது. பிறகு அவர் கப்பலேறிப் போனதும், அவள் பெட்டியைப் பீரோவில் பூட்டி வைத்துவிட்டு, ராத்திரியில் படுக்கையில் கையை நீட்டினால் சுவர்தான் தட்டுப்படும்போது, தள்ளி இருந்தாத்தான் நல்லது, தள்ளி இருந்தாத்தான் நல்லது என்று அந்தப் பேச்சு மட்டும் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு தடவை ஆப்பிரிக்கா பக்கம் புயல் என்று செய்தியில் சொன்னார்கள், கப்பலிலிருந்து போனே இல்லை, ஒரு வாரமோ என்னமோ, அவள் உலை வைத்துச் சோறு வடித்து அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பிறகு போன் வந்தது. என்ன சொன்னார்? ஏட்டி, நேத்து தவுலி ஆட்டத்துல இங்க ஒருத்தனையும் நான் ஜெயிக்க விடல என்றார். அவளுக்கு வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டாள். வைத்துவிட்டு அழுதாள். அழுதுவிட்டுச் சோற்றைச் சாப்பிட்டாள்.

சரி, அதெல்லாம் எதற்கு இப்போது. இப்போது அவளுக்கு ஒரே காய், அது ஆறாம் வீட்டில், ராஜா மாதிரி நிற்கிறது. அவருக்கு இரண்டு காய், நாலாம் வீட்டில் ஒன்று, ஒன்றாம் வீட்டில் ஒன்று. முறை அவருடையது. பகடையைக் கைக்குள் போட்டு மூடிக் குலுக்கிக்கொண்டிருந்தார், எப்போதும் குலுக்குகிற மாதிரியில்லை, சுரத்தில்லாமல். போனால் போகட்டுமே என்று ஒரு மனசு சொன்னது. போனால் என்ன? அடுக்களை திரும்பக் கைக்கு வரும். வந்த நாளிலிருந்து அடுக்களை அவருடையது, அவள் அதில் வேலைக்கு வந்த ஆள். மசாலா டப்பாக்களையெல்லாம் வரிசையாக நிறுத்திக் குறுக்கே கயிறு கட்டி வைத்திருக்கிறார், கேட்டால் அலை அடிச்சா உருளும் என்கிறார், நாலாம் ரயில்வே கேட் பக்கத்து வீட்டில் எங்கிருந்து அலை அடிக்கும். சாம்பார் வைத்தால் இரண்டு பேருக்கு வைக்கத் தெரியவில்லை, கப்பல் முழுக்கச் சாப்பிடுகிற மாதிரி வைக்கிறார், தெருவில் தூக்குவாளியில் சாம்பார் வாங்காத வீடு கிடையாது, தெருக்காரர்கள் செபத்துக்குக் கூடும் அன்பியக் கூட்டத்தில் யாராவது ஜெசிந்தாக்கா வாறாவ என்றால் அடுத்த கேள்வி இன்னைக்கு என்ன குழம்பு என்பதுதான். விடிவதற்கு முன்னால் எழுந்து பாத்திரத்தை உருட்டுகிறார். அவள் சீரியல் பார்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, இவ யாரு, இவன் ஏன் அழுவுறான் என்று கேட்டுக் கேட்டு உயிரை எடுக்கிறார். மின்விசிறியை ஒன்றில் வை என்கிறார், அவளுக்கு ஐந்தில் ஓட வேண்டும். சாயங்காலம் பீச் ரோட்டில் சிநேகிதிகளோடு நடக்கப் போனால் பின்னாலேயே வருகிறார், வந்தாலாவது பரவாயில்லை, சிநேகிதிகளுக்கு மீன் வாங்குவது எப்படி என்று சொல்லிக்கொடுக்கிறார், பரதவ வீட்டுப் பெண்களுக்கு! இத்தனை வருஷம் தனியாகக் கட்டி வைத்த வாழ்க்கை, ஒழுங்காக, அது அது அததன் இடத்தில், அதற்குள் ஒரு பெரிய மனுஷன் பெரிய பெரிய கையோடு வந்து உட்கார்ந்துகொண்டால் எப்படி இருக்கும். போகட்டும். பத்து மாதம்தானே. போனில் ஆடலாம், முன்பெல்லாம் ஆடினார்களே, அவர் அங்கே உருட்டி இன்னது விழுந்தது என்பார், அவள் இங்கே நகர்த்துவாள், கடலில் உருட்டிய பகடையை யார் பார்த்தது, அந்த மனுஷனுக்கு எப்போதும் இரட்டை ஆறுதான். ஆனாலும் மொட்டை மாடித் தொட்டியைப் பார்க்க ஏணியில் ஏறும்போது பாதியில் உட்கார்ந்துவிட்டாரே போன மாதம், மூச்சு வாங்கலட்டி, காத்து வாங்குதேன் என்றாரே. கப்பலில் எத்தனை ஏணி. மாதாவே.

பகடை விழுந்தது. ஒன்றும் நாலும். முடிந்தது கதை. நாலாம் வீட்டுக் காயை நாலுக்கு எடுக்கலாம், ஒன்றாம் வீட்டுக் காயை ஒன்றுக்குக் கணக்காக எடுக்கலாம், தாயச் சட்டமும் கப்பல் சட்டமும் இரண்டும் ஒத்துக்கொள்ளும், ஆட்டம் அவருடையது, கப்பல் அவருடையது. முந்தாநாள் தாயம் பழகிய பிள்ளைகூட இதைச் செய்துவிடும். பயணப் பெட்டியை எங்கே வைத்தோம், பச்சைப் பெட்டி, பரண் மேல், அதற்குள் போர்வை இருக்கிறது, போர்வையை எடுக்க வேண்டும், ஊறுகாய் போட வேண்டும், மாத்திரை, பெர்லின் என்று பேர் வைத்த மகளுக்குக் கோயம்புத்தூருக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டும், என்று மனசு அதுபாட்டுக்கு மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டது, அப்போது அவர் அந்தப் பெரிய கையை நீட்டினார். ஒன்றை வைத்து நாலாம் வீட்டுக் காயை மூன்றாம் வீட்டுக்கு இறக்கினார். பிறகு நாலை வைத்து, மூன்றாம் வீட்டிலிருந்து அதே காயைக் கப்பல் சட்டப்படி பெரிய எண்ணுக்கு வெளியே எடுத்தார். ஒன்றாம் வீட்டுக் காய் அப்படியே நின்றது. கடைசிக் காய். வாசற்படியில். தாயம் ஒன்றே கதி.

"ஒன் முறை," என்றார்.

அவள் பெட்டியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் தெரியவில்லையா? ஒன்றும் நாலும் விழுந்தது அவருக்குத் தெரியவில்லையா, கண்ணில் புரை விழுந்துவிட்டதா, காலையில் பூசைப் புத்தகத்தைத் தூரத்தில் பிடித்துப் படித்தாரே, கண் தெரியாத ஆளைக் கப்பலில் எப்படி ஏற்றுவான், கத்தியும் கொதிக்கிற எண்ணெயுமாக ஆடுகிற அடுக்களையில், ஐயோ. ஆனால் கண் தெரியாதவர் ஒன்றைச் சரியாக ஒன்று நகர்த்தினாரே. நாலுக்கும் சரியாகத்தானே எடுத்தார். எண் தெரிந்திருக்கிறது. எண் தெரிந்து, இரண்டு வழியும் தெரிந்து, அதில் தோற்கிற வழியைப் பொறுக்கி எடுத்திருக்கிறார். பட்டாணி பொறுக்குகிற மாதிரிப் பொறுக்கியிருக்கிறார். பிரேயஸில் கிரேக்கனை ஜெயித்த ஆள், பனாமாவில் பிலிப்பைன்ஸ்காரனை ஜெயித்த ஆள், பெற்ற மகளைக்கூட ஒரு தடவை ஜெயிக்க விடாமல் அழ வைத்த ஆள். அவளுக்குக் காது சூடானது. போகப் பிடிக்கவில்லை. இந்த மனுஷனுக்குப் போகப் பிடிக்கவில்லை! ஒரு வாரமாக வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு சுற்றியது இதற்குத்தானா. அதைச் சொல்ல ஒரு வாய் இல்லை, பகடையை விட்டுச் சொல்லச் சொல்கிறார். அப்போதுதான் ஜெசிந்தா தன் மடியைக் கவனித்தாள். அவள் இடது கை செபமாலை உருட்டுகிற மாதிரி சேலைத் தலைப்பை உருட்டிக்கொண்டிருந்தது. எப்போதிலிருந்து உருட்டுகிறது? ஆறு விழணும், ஆறு விழணும் என்று அவளுக்குள் யாரோ எப்போதிலிருந்தோ சொல்லிக்கொண்டிருந்தார்கள், அவள்தான் மசாலா டப்பாவையும் மின்விசிறியையும் பற்றிப் பேசிப் பேசி அதைக் கேட்க விடாமல் பண்ணிக்கொண்டிருந்தாள். அட கூறுகெட்டவளே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். சந்தோஷமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது, இந்த வயதில்.

பகடையைக் கையில் எடுத்தாள். ஆறாம் வீட்டிலிருந்து பழமாக வழி எத்தனையோ இருக்கிறது, பாதிக்குப் பாதி விழும், உருட்டினால் போதும், இவர் இங்கேயே கிடப்பார். கிடப்பார், சரி. கிடந்து என்ன செய்வார்? நாளைக்குச் சாம்பாரில் உப்பு கூடினால், நான் நிம்மதியாக் கப்பலுக்குப் போயிருப்பேன், இவதான் ஆறு போட்டுக் கவுத்திட்டா என்பார். கரண்ட் போனால் சொல்வார். மழை பெய்து மாடி ஒழுகினால் சொல்வார். மருமகன் வந்தால் அவனை உட்காரவைத்துச் சொல்வார், எனக்கு ஒண்ணுமில்ல மாப்ள, ஒங்க அத்தைதான் விடல. சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டே இருப்பார், அதுவும் முகத்தைத் தியாகி மாதிரி வைத்துக்கொண்டு. அவளுக்குத் தெரியாதா. இந்தப் பழி மூட்டையை நான் தூக்கணுமா? தூக்க மாட்டேன். தானாக வாயைத் திறந்து சொல்லட்டும். இத்தனை வருஷத்தில் இவர் வாயைத் திறந்து எனக்கு இது வேணும் என்று கேட்டது உண்டா? போறேன் என்பார், வாறேன் என்பார், காசு வந்துச்சா என்பார். எனக்கு இங்க இருக்கணும்போல இருக்கு என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள் சொல்லியிருக்கிறாரா. அவள் பகடையைத் திரும்ப அவர் முன்னால் வைத்தாள்.

"நான் உருட்டல. நீங்களே உருட்டுங்க."

"ஒன் முறைதானட்டி?"

"என் முறைய ஒங்களுக்குத் தாறேன்."

"அப்பிடியெல்லாம் சட்டம் கிடையாது."

"கடைசிக் காய்க்கு நான் போட்டதுதான் சட்டம். உருட்டுங்க."

கஸ்பார் பகடையை எடுத்தார். கைக்குள் போட்டு மூடினார். குலுக்கினார். குலுக்கிக்கொண்டே இருந்தார். மற்ற நாளாக இருந்தால் இரண்டு குலுக்கு, ஒரு எறி, பெட்டியே அதிரும். இன்றைக்கு அந்தக் கை திறக்க மாட்டேன் என்கிறது. நெற்றி வேர்த்திருந்தது, மின்விசிறி அவருக்குப் பிடித்த ஒன்றில்தான் ஓடிக்கொண்டிருந்தது, அதனால் இருக்கும் என்று நினைத்தாள், இல்லை, பயம், இது பயம். புயலுக்கு அசையாத மனுஷன் தாயம் விழுந்துவிடுமோ என்று பயந்து உட்கார்ந்திருக்கிறார். அவளுக்குப் பாவமாக இருந்தது. சிரிப்பாகவும் வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். குலுக்குங்க, எவ்வளவு நேரம் குலுக்குவிய, மூணு மணி ஆகப்போவுது என்று நாக்கின் நுனி வரைக்கும் வந்ததை முழுங்கினாள். வெளியே உப்பு லாரி ஒன்று தெருவை அதிரவிட்டுப் போனது. அந்த அதிர்விலோ என்னவோ, கை தானாகவே திறந்துகொண்டது. பகடை இரண்டும் பெட்டிக்குள் விழுந்து, ஒன்று ஐந்தைக் காட்டி நின்றது, மற்றது பக்கப் பலகையில் முட்டி, சுற்றி, சுற்றி, நிற்கலாமா வேண்டாமா என்று இருந்துவிட்டு, ஒற்றைப் புள்ளியைக் காட்டிப் படுத்தது.

தாயம்.

கஸ்பார் குனிந்து பகடையைக் கிட்டத்தில் பார்த்தார்.

"சாஞ்சிருக்கு," என்றார் கஸ்பார். "பலகைல சாஞ்சிருக்கு. செல்லாது."

"நேராத்தான் இருக்கு."

"சாஞ்சிருக்குட்டி, நல்லாப் பாரு."

"கோயில் தரை மாதிரி நேரா இருக்கு. காய எடுங்க. ஜெயிச்சிட்டிய."

அவர் எடுக்கவில்லை. அந்தக் காயை எடுத்து வெளியே வைக்க ஒரு விரல் போதும், அந்த விரலை அவர் தொடைக்கடியில் ஒளித்து வைத்துக்கொண்டார். அப்போது தலையணைக்குப் பக்கத்தில் கிடந்த போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. ஜெசிந்தா எடுத்து அவர் கையில் திணித்தாள். அந்தப் பையன்தான். அங்கிள், என்ன முடிவு பண்ணீங்க என்று அவன் கேட்பது அவளுக்கே கேட்டது.

"தம்பி... ஆமா... அது வந்து..." அவர் அவளைப் பார்க்காமல் சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டார். "வீட்ல விட மாட்டேங்காவ தம்பி."

"நான் ஒண்ணுமே சொல்லல!" ஜெசிந்தா போனுக்குள் விழுகிற மாதிரிக் கத்தினாள். "தாராளமாப் போகச் சொல்லிட்டேன் தம்பி! ஆட்டத்துலயும் ஜெயிச்சிட்டாவ!"

அந்தப் பக்கம் பையன், ஹலோ, அங்கிள், ஹலோ என்றான். இந்தப் பக்கம் கஸ்பார் போனைக் காதிலிருந்து எடுத்து அதை ஒரு தடவை பார்த்தார், வைத்துவிடலாமா என்று பார்த்தார், அவளைப் பார்த்தார். அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சொல்லுங்க, சொல்லித் தொலைங்க, ஒரு தடவை, இப்போ சொல்லலைன்னா நான் பச்சைப் பெட்டியை இறக்கிடுவேன், சத்தியமா இறக்கிடுவேன், என்று அவள் மனசு கெஞ்சிக்கொண்டிருந்தது, முகமோ அசையவில்லை.

"இல்ல தம்பி," என்றார் அவர். தொண்டையைச் செருமினார். "வீட்ல ஒண்ணும் சொல்லல. நான்தான். எனக்குத்தான் வர மனசில்ல. ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு, அதில்ல. எனக்கு... எனக்கு வீட்ல இருக்கணும்போல இருக்கு. அவ்ளோதான். வேற ஆளப் பாருங்க."

போனைக் கீழே வைத்தார். மல்லுக்கட்டிவிட்டு வந்தவர் மாதிரி மூச்சு வாங்கியது. அவர் மெத்தையில் கிடந்த பழங்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார், அடுக்கியதைக் கலைத்தார்.

"ஏட்டி."

"ம்."

"இத்தன வருசம் நீ ஒன் பாட்டுக்கு இருந்துட்ட. திடீர்னு நான் வந்து... நான் இங்கனயே கெடந்தா ஒனக்குத் தொந்தரவா இருக்குமோன்னுதான் ஒரு வாரமா..." கேட்டுவிட்டார். கேட்கிற மனுஷனே இல்லை, கேட்டுவிட்டார்.

அவளுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது.

"தொந்தரவுதான்," என்றாள். "நெசமாவே பெரிய தொந்தரவு." கண்ணில் வந்ததைத் துடைக்காமலே அவரைப் பார்த்துச் சிரித்தாள். "இருந்து தொலைங்க."